ஆடித்தபசுக்கு மறுநாள் குடும்பத்தோடு அருவிக்கு: குற்றாலமா, பாலருவியா?

சங்கரன்கோவில் மருமகள் கேட்கிறார்:

வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது ஆவடியில். கணவரின் ஊர் சங்கரன்கோவில். அங்கே கோமதி அம்மன் கோவிலில் நடக்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் குடும்பம் முழுவதும் ஊரில் கூடுகிறது. தபசுக் காட்சி முடிந்த மறுநாள் ஒரு பகல் மட்டும் கையில் இருக்கிறது. அதற்கு அடுத்த நாள் பாதிப் பேர் ரயில் ஏறிவிடுவார்கள். அந்த ஒரு பகலில் அருவிக்குப் போக வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த அருவி என்பதில்தான் ஆளுக்கு ஒரு பேச்சு.

அத்தைக்குப் பேரருவியில் குளித்துவிட்டுக் குற்றாலநாதரைக் கும்பிட வேண்டும். முழங்கால் வலி உண்டு, படி என்றாலே முகம் சுருங்கிவிடும். என் கணவர், "குற்றாலம் இப்போது கடைத்தெரு ஆகிவிட்டது, காட்டுக்குள் இருக்கிற அருவிக்குப் போவோம்" என்று பாலருவியைச் சொல்கிறார். நாத்தனாரின் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். செண்பகாதேவி அருவிக்கு மேலே ஏறிப் போகும் வீடியோ ஒன்றை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறான். மாமாவுக்கு இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, நன்றாக நடமாடுகிறார். அவர் இதுவரை கேட்ட ஒரே கேள்வி, பார்டர் பரோட்டா எந்த வழியில் வரும் என்பதுதான்.

என் மகள்களுக்கு ஒன்பது வயது, நான்கு வயது. கொழுந்தனார் வேன் பேசிவிட்டார். இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் போய்வர முடியுமா? மழை பெய்துகொண்டிருக்கும்போது காட்டு அருவிக்குச் சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது சரிதானா? எனக்கு இந்த வட்டாரமே புதிது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செங்கோட்டைக்காரி எழுதுகிறார்:

மகளே, சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டு மாடிக் கொடியில் எங்கள் துணிக்கு இடம் கிடைக்காது. அண்ணனின் சம்பந்தி வகையறா, அவர்கள் அலுவலகத்து நண்பர்கள், பெயர்கூடத் தெரியாத யாரோ ஒருவரின் மச்சினன் என்று ஈரத் துண்டோடு வந்து நிற்பார்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஆனி, ஆடி, ஆவணி எனக்கு இப்படித்தான் கழிகிறது. அருவியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட, அருவிக்கு வருகிற குடும்பங்களைப் பற்றி அதிகம் தெரியும்.

உங்கள் வீட்டுச் சண்டை தீர ஒரு வழி இருக்கிறது. குளிக்கிற அருவி வேறு, பார்க்கிற அருவி வேறு. இதைப் பிரித்து வைத்துக்கொண்டால் அத்தையும் ஜெயிப்பார், உங்கள் கணவரும் ஜெயிப்பார். மழைக்காலத்தில் காட்டு அருவி பார்ப்பதற்கு. குளிக்கக் குற்றாலம். அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது, தண்ணீர் கூடினால் விசில் ஊதி விரட்டப் போலீஸ் இருக்கிறது. கூட்டம், சத்தம், பஜ்ஜிக் கடை, எல்லாம் உண்மைதான். அந்தக் கூட்டம்தான் குழந்தையோடு வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு என்று நான் சொல்வேன். காட்டு அருவியில் குளித்தே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்களும், குற்றாலத்துக்கு வந்து "காடு எங்கே?" என்று கேட்பவர்களும்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

இந்த ஊர்க் காற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நுழைந்து இந்தப் பக்கம் வருகிறது. சங்கரன்கோவிலில் நீங்கள் ஆடிக் காற்றில் புழுதி தின்றுகொண்டிருப்பீர்கள், தென்காசி தாண்டியதும் முகத்தில் சாரல் அடிக்கும். வெயிலும் இருக்கும், சாரலும் இருக்கும். கணவாயைத் தாண்டிக் கேரளப் பக்கம் இறங்கினால் அது சாரல் இல்லை, மழை. பாலருவி அந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் குற்றாலத்தில் நின்றுகொண்டு, "இங்கே நன்றாகத்தானே இருக்கிறது, அங்கும் அப்படித்தான் இருக்கும்" என்று கணக்குப் போடாதீர்கள். குடை போதாது, ஆளுக்கு ஒரு மழைக்கோட்டு வேண்டும்.

ஒரே நாளில் இரண்டும் முடியும். முதலில் குற்றாலம், பிறகு பாலருவி. மாற்றிச் செய்யாதீர்கள். பாலருவியைப் பார்த்துவிட்டுக் குற்றாலம் வந்தால் மாலைக் கூட்டத்தில் மாட்டுவீர்கள், குழந்தைகளும் தூங்கி வழிவார்கள்.

தபசுக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். மறுநாள் வேலை நாளாக இருந்தால் உள்ளூர்க் கூட்டம் குறையும். ஆனால் தபசு பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்கும் உங்களுக்கு வந்த அதே யோசனை வரும். ஆகவே இருட்டு இருக்கும்போதே சங்கரன்கோவிலை விட்டுக் கிளம்பி, விடியும் நேரத்தில் பேரருவியில் நில்லுங்கள். கோவிலை ஒட்டியே அருவி. வேனை விட்டு இறங்கிச் சமதரையில் நடந்து போய்விடலாம். அத்தையின் முழங்காலுக்கு ஐந்தருவியைவிட இதுதான் நல்லது.

பேரருவியில் மேலிருந்து விழும் தண்ணீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்கிற பாறைக் குழியில் விழுந்து, வேகம் அடங்கி, வழிந்து கீழே வருகிறது. அதனால்தான் நாம் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது. அருவியின் முன்னால் ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் குளிக்கத் தடை. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, வளைவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தடை போட்டிருந்தால் போலீஸ்காரரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். நேராகக் கோவிலுக்குள் போங்கள், சங்கு வடிவத்தில் கட்டிய கோவில் அது. பிறகு சித்திரசபையைப் பாருங்கள். நடராஜருக்கு உரிய ஐந்து சபைகளில் ஒன்று, உள்ளே சுவர் முழுவதும் ஓவியம். குளிக்க மட்டும் வருகிற பாதிப் பேர் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் வெளியே வருவதற்குள் தண்ணீர் இறங்கியிருந்தாலும் இருக்கும்.

இனி சின்னச் சின்ன விஷயங்கள். உயிர் இவற்றில்தான் இருக்கிறது.

குழந்தையின் உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள், ஈரத்தில் வழுக்கும். மணிக்கட்டைப் பிடியுங்கள். நான்கு வயதுப் பிள்ளையை அருவிக்கு அடியில் கொண்டுபோக வேண்டாம். ஓரத்தில் தெறிக்கிற தண்ணீரே அவளுக்கு அருவிதான். அவள் ஆசை தீரக் குளிக்க வேண்டும் என்றால் புலியருவிக்குக் கூட்டிப் போங்கள், அங்கே உயரமும் குறைவு, வேகமும் குறைவு.

பெண்கள் புடவையோடு நிற்க வேண்டாம், தண்ணீரின் கனத்தில் காலைச் சுற்றிக்கொள்ளும். அத்தை கேட்கமாட்டார் என்று தெரியும். பெரியவர்களுக்கு நைட்டியின் மேல் துண்டு போர்த்தி அழைத்துப் போங்கள், அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. தாலிச் சங்கிலியைத் தவிர மற்ற நகையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அருவி வாங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மாமாவின் விஷயம். பைபாஸ் செய்துகொண்டவரின் தலையிலும் மார்பிலும் குளிர்ந்த தண்ணீர் திடீரென்று அந்தக் கனத்தில் விழக் கூடாது. புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சரி என்று சொன்னாலும் கால், கை, தோள் என்று மெதுவாக நனைத்துக்கொண்டு ஓரமாக நிற்கட்டும், துணைக்கு ஒருவர் நிற்கட்டும்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் அருவிக்குக் கொண்டுபோகாதீர்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. தடை இல்லாவிட்டாலும், அந்தத் தண்ணீர் சிற்றாறாக ஓடித் தாமிரபரணியில் போய்ச் சேர்கிறது. கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

குளித்த உடன் பசி வரும். சாதாரணப் பசி இல்லை. அதற்கு இட்லியும் மிளகாய்ப் பொடியும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள். வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிடுங்கள், வெளியே பொட்டலத்தைப் பிரித்தால் குரங்குக்குத்தான். சரசரக்கும் பை எதுவாக இருந்தாலும் அதற்குச் சாப்பாடுதான். கையில் இருக்கிற மாத்திரைப் பையைக்கூட விடாது, மாமாவின் மாத்திரையை எங்கே வைக்கிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பாலருவிக்கு ஆரியங்காவில் பிரதான சாலையிலேயே வாசல். கேரள வனத்துறை டிக்கெட் கொடுக்கிறது. உங்கள் வேனை அங்கேயே விட்டுவிட்டு அவர்களுடைய வண்டியில் ஏற வேண்டும், காட்டுக்குள் சுமார் 4 கிலோமீட்டர். இறங்கிய பிறகு கொஞ்சம் நடை. சுமார் 300 அடி உயரத்திலிருந்து பாறையில் இழைந்து இழைந்து இறங்குகிறது, பெயருக்கு ஏற்ற வெள்ளை. திருவிதாங்கூர் மன்னர் காலத்துக் கல் மண்டபமும் குதிரை லாயமும் காட்டுக்குள் இன்னும் நிற்கின்றன. தண்ணீர் குறைவாக இருந்தால் கீழே குளிக்க விடுவார்கள். மழை வலுத்தால் விடமாட்டார்கள், சில நாள் உள்ளேயே அனுப்பமாட்டார்கள். அதனால் குளிக்கிற கணக்கைக் குற்றாலத்திலேயே முடித்துவிட்டு, அங்கே பார்க்கப் போகிறோம் என்று போங்கள். மாலையில் டிக்கெட்டைச் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள், பதினொரு மணிக்குள் வாசலில் இருப்பது நல்லது.

திரும்பும் வழியில் செங்கோட்டைக்கு முன்னால் பிரானூர் பார்டர். மாமாவின் கேள்விக்குப் பதில் அதுதான். ஆனால் அங்கே பரோட்டாவோடு வருகிற கோழிச் சால்னாவில் மிதக்கும் எண்ணெயை அவருடைய மருத்துவர் பார்த்தால் என்ன சொல்வார் என்பது தனிக் கேள்வி.

---

ஸ்டியரிங் எழுதுகிறார்:

அம்மா சொன்னது அத்தனையும் சரி. வண்டிக்காரன் பங்குக்கு ஒன்றிரண்டு.

வாடகை வேன் என்றால் கேரளாவுக்குள் நுழைய பெர்மிட்டும் வரியும் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். பாலருவி கேரளத்தில் இருக்கிறது என்பதே தெரியாமல் புளியரை சோதனைச் சாவடியில் வந்து விழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொழுந்தனாரிடம் இன்றே கேட்கச் சொல்லுங்கள். வண்டியைப் பேசும்போது குற்றாலம் என்று மட்டும் சொல்லியிருந்தால், டிரைவர் அன்றைக்குக் காலையில் கூடுதல் பணம் கேட்பார்.

புளியரை தாண்டியதும் எஸ் வளைவு. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளாவுக்கு வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். ஒன்று பழுதாகி நின்றால் மொத்தப் பாதையும் நின்றுவிடும். பாலருவியை மட்டும் மதியத்துக்குத் தள்ளாதீர்கள். வேனின் வைப்பரையும் டயரையும் கிளம்புவதற்கு முந்தின நாளே நீங்களே ஒருமுறை பாருங்கள். டிரைவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

---

வி.கே.புரத்தான் எழுதுகிறார்:

எல்லோரும் குற்றாலம், குற்றாலம் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் பாபநாசம் அகஸ்தியர் அருவி யாருக்காக இருக்கிறது? வருடம் முழுவதும் தண்ணீர். சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988 முதல் புலிகள் காப்பகமாக இருக்கிற காடு, தமிழ்நாட்டில் முதலாவது. குற்றாலத்தில் சீசன் பொய்த்துச் சொட்டிக்கொண்டிருக்கிற வருடத்தில்கூட இங்கே நனையாமல் யாரும் திரும்ப முடியாது. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கையும் பாட்டிலையும் துழாவி எடுத்துவிடுவதால் குடித்துவிட்டு ஆடுகிறவர்கள் தொல்லையும் குறைவு. குளிப்பது, பார்ப்பது இரண்டும் ஒரே இடத்தில். செங்கோட்டை அக்கா போடுகிற கோடு இங்கே செல்லாது!

ஆடி அமாவாசை சமயத்தில் மட்டும் வராதீர்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஊரே குடில் போட்டுத் தங்கியிருக்கும், தனி வாகனங்களுக்கும் கட்டுப்பாடு. தபசு பௌர்ணமியை ஒட்டி வருகிறது, அமாவாசை அதிலிருந்து இரண்டு வாரம் தள்ளித்தான் இருக்கும். ஆகவே உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

---

செங்கோட்டைக்காரி:

தம்பி, உங்கள் அருவியைக் குறை சொல்ல மாட்டேன். அகஸ்தியர் அருவியில் நின்றால் முதுகுக்கு வருகிற சுகம் குற்றாலத்தில் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கவும் படியேறவும் வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி என்று கேள்வியிலேயே இருக்கிறது. அதோடு மனிதர்கள் அருவியைத் தேர்ந்தெடுப்பது தண்ணீரைப் பார்த்து மட்டும் இல்லை. குற்றாலநாதரைக் கும்பிட வேண்டும் என்று சொல்கிறவரைப் பாபநாசநாதரிடம் கூட்டிப் போனால், இரண்டும் சிவன்தான் என்று அவர் சமாதானம் ஆகிவிடுவாரா? மாமியாரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது.

---

சங்கரன்கோவில் மருமகள்:

அம்மா, உங்கள் பதிலை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நைட்டி விஷயத்தில் மட்டும் அத்தையிடமிருந்து பதில் இல்லை. மற்றபடி ஒப்புதல். பெர்மிட் போடாமல்தான் வேன் பேசியிருந்தார்கள், ஸ்டியரிங் அண்ணனுக்குக் கொழுந்தனார் நன்றி சொல்லச் சொன்னார்.

நாத்தனார் மகன் விடுவதாக இல்லை. "செண்பகாதேவிக்கு எத்தனையோ பேர் போய் வீடியோ போட்டிருக்கிறார்கள், நான் மட்டும் போனால் என்ன?" என்கிறான். அவனுடைய அம்மாவுக்கும் அவனிடம் பேசிச் சலித்துவிட்டது. நீங்களே ஏதாவது சொல்லுங்கள். அட்டைப் பூச்சி பற்றியும் சொல்லுங்கள், எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே உடம்பு கூசுகிறது.

---

செங்கோட்டைக்காரி:

தம்பியிடம் நேரடியாகவே சொல்கிறேன், இதை அவனிடம் கொடுங்கள்.

கண்ணு, செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் பொதுமக்கள் போக வனத்துறை அனுமதிப்பதில்லை. நீ பார்த்த வீடியோ எப்போதோ எடுத்ததாக இருக்கும், இல்லையென்றால் திருட்டுத்தனமாகப் போய் எடுத்தது. பிடிபட்டால் அபராதம் கட்டப்போவது உன் அப்பா. அதுகூடப் பெரிதில்லை.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் என்ன நடந்தது என்று தேடிப் பார். சீசனே தொடங்காத கோடை நாள். கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆபத்து வருவதாகத் தெரியவில்லை. மலைக்கு மேலே பெய்த மழை, நிமிட நேரத்தில் வெள்ளமாக இறங்கிவிட்டது. எல்லோரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். உன் வயதுதான்.

அருவியில் வருகிற வெள்ளத்துக்கு நம் தலைக்கு மேல் மேகம் இருக்க வேண்டும் என்பதில்லை. மேலே சரிவில் விழுந்த மழை முழுவதும் ஒரே ஓடையில் கூடி, ஒரே வாய் வழியாகத்தான் வர வேண்டும். நாம் நிற்பது அந்த வாயின் கீழே. அருவியில் நிற்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கித் தேநீர் நிறத்துக்கு மாறினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து விழ ஆரம்பித்தால், சின்னக் கல் ஒன்று தோளில் பட்டால், இரைச்சல் ஒரு கட்டை இறங்கிக் கனத்தால், விசில் சத்தத்துக்குக் காத்திராதே. தங்கைகளைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்குப் போ. ஓடை ஓரமாகக் கீழே ஓடாதே, தண்ணீரும் அந்த வழியாகத்தான் வரும். பக்கவாட்டில் ஏறு. இதைச் செய்ய உன் வீட்டில் உன்னைவிட வேகமான ஆள் இல்லை, ஆகவே அந்தப் பொறுப்பு உன்னுடையது. வீடியோவை உன் அத்தை எடுக்கட்டும்.

மருமகளே, இனி அட்டை. தார்ச் சாலையில் நிற்கிறவர்களை அது தேடி வராது. இலைச் சருகும் ஈரப் புல்லும் இருக்கிற இடத்தில் காலை வைத்தால் ஏறும். பாலருவிப் பாதையை விட்டு விலகாமல் நடந்தாலே பெரும்பாலும் தப்பித்துவிடலாம். முழங்கால் வரைக்கும் காலுறை போட்டு, அதன் மேல் வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். எங்கள் மாமனார் மூக்குப்பொடி டப்பாவோடு போவார். பொடி போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை, அட்டைக்காக மட்டும் வாங்குவார். கடித்திருந்தால் பதறிப் பிடித்து இழுக்காதீர்கள். விரல் நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, அதன் மெலிந்த முனைக்குக் கீழே தள்ளினால் பிடியை விட்டுவிடும். விட்டதும் தூரச் சுண்டிவிடுங்கள், விரலிலேயே ஒட்டப் பார்க்கும்.

---

மீட்டர்கேஜ் எழுதுகிறார்:

குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை. நேரம் மிஞ்சினால் பாலருவியிலிருந்து இன்னும் சில கிலோமீட்டர் போய், கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தைச் சாலையிலிருந்தே காட்டிவிட்டு வாருங்கள். 1904-இல் திறந்த செங்கோட்டை – கொல்லம் ரயில் பாதையின் பாலம், முழுவதும் கல் கட்டுமானம். 2018-இல் அகலப் பாதையாக மாறிய பிறகும் அதே பாலத்தின் மேல்தான் ரயில் போகிறது. ரயில் வரும் நேரம் பார்த்துப் போனால் ஒன்பது வயதுக் குழந்தை அருவியை மறந்துவிடும். நான் மறந்திருக்கிறேன்.

---

சங்கரன்கோவில் மருமகள்:

போய்வந்துவிட்டோம். எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது, கொடியில் இன்னும் துணி காயவில்லை.

பேரருவிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வளைவுக்கு உள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் அந்த நேரத்திலேயே நல்ல கூட்டம், பாதிப் பேர் தபசு பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். அத்தை புடவையோடுதான் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் என் பையிலிருந்து நைட்டியை எடுத்துக்கொண்டு போய் மாற்றிக்கொண்டார். கம்பியைப் பிடித்தவர் விடவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண், "ஆச்சி, கொஞ்சம் எங்களுக்கும் விடுங்கள்" என்று இரண்டு முறை கேட்க வேண்டியதாயிற்று. மாமாவின் மருத்துவர் தலையை நனைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் கணவர் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, ஓரத்தில் முழங்கால் வரை நின்றார். சித்திரசபையில் அவர்தான் எல்லோரையும்விட அதிக நேரம் இருந்தார்.

பாலருவிக்குப் போகும்போது நீங்கள் சொன்னபடியே புளியரை வரை சாரல், அதன் பிறகு கொட்டித் தீர்த்தது. வாசலில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். மழை தணிந்ததும், குளிக்கக் கூடாது, பார்த்துவிட்டு உடனே திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். காடு வேண்டும், காடு வேண்டும் என்று ஒரு வாரம் பேசிய என் கணவர், வண்டியிலிருந்து இறங்கியது முதல் தரையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை, அட்டை பயம். அத்தைதான் முழங்கால் வலியோடு அருவி வரைக்கும் நடந்தார். தூரத்திலிருந்தே அந்த இரைச்சல் கேட்டது. அருகில் போனதும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. பாறை முழுவதும் வெள்ளை, கீழே புகை மாதிரி எழுந்து எங்கள் முகத்தை நனைத்தது. இதற்குள் இறங்கிக் குளிக்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம்! நாத்தனார் மகன் செல்போனை எடுக்கவே இல்லை. அவன் நான்கு வயதுக்காரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கமாகவே நின்றான், நீங்கள் கொடுத்த பொறுப்பு அவனுக்கு ஏறிவிட்டது. திரும்பலாம் என்று கூப்பிட்டபோது வர மனமில்லாதவர் அத்தை ஒருவர்தான்.

மழையில் நேரம் போய்விட்டதால் பதிமூன்று கண் பாலத்துக்குப் போகவில்லை, பெரியவளிடம் இன்னும் சொல்லவும் இல்லை. பார்டரில் மாமா இரண்டு பரோட்டாவோடு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். அத்தை வேறு பக்கம் திரும்பி மங்குஸ்தான் பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்ததால், இரண்டுதானா என்பதற்குச் சாட்சி இல்லை.

ஒரு சந்தேகம். இவ்வளவு பயந்தும் கடைசியில் அட்டை கடித்தது என் கணவரைத்தான், கணுக்காலில். காலுறை போடமாட்டேன் என்று சொன்னவரும் அவர்தான். வேனில் ஏறிய பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தோம், அட்டை எப்போதோ விழுந்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை கசிந்துகொண்டே இருந்தது. இப்போது ரத்தம் இல்லை, ஆனால் அந்த இடம் தடித்து அரிக்கிறது. மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

---

செங்கோட்டைக்காரி:

அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. அதனால்தான் அது விழுந்த பிறகும் மணிக்கணக்கில் கசியும். இவ்வளவு நேரம் கசிகிறதே என்று பயப்பட வேண்டாம். அடுத்த முறை சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை மடித்து வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக் கட்டிவிடுங்கள்.

அரிப்பு சில நாள் இருக்கும். சொறியக் கூடாது, சொறிந்துதான் பலர் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவலாம், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வைக்கலாம். சுற்றிலும் சிவந்து சூடாகிப் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள். அவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் கொடுத்திருக்கிறார்களா? அப்படியென்றால் காத்திருக்காமல் கேட்டுவிடுங்கள். மாமா அந்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்கலாம், நல்லவேளை அட்டை ஆளைத் தேர்ந்தெடுத்துத்தான் கடித்திருக்கிறது.

ஊருக்குக் கொண்டுபோன பையிலும் செருப்பின் மடிப்பிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஈரமாக இருந்தால் சில சமயம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். செருப்பை வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும். அத்தைக்கு மங்குஸ்தான் என்ன விலைக்குக் கொடுத்தான்?